எல்லோரும் நின்ற பொழுது

கீழே விழுந்து கிடந்த முதியவரின் தலையை மடியில் தாங்கி, ஆம்புலன்ஸை எதிர்நோக்கி அமர்ந்திருந்தாள் அஞ்சல் ஊழியை மங்கையர்க்கரசி.

"நகரச் சராசரியைவிடப் பின்தங்குகிறீர்கள். தொடர்ந்தால் பணிநீக்கம்" என்றது, அவள் பணிவேகத்தை அளக்கும் கைப்பட்டை.

சங்கச் செயலாளர் ஏகாம்பரத்தை அழைத்தாள். "அண்ணே, இவர விட்டுட்டுப் போக மனசு வரல. வேலை போயிடும் போல."

"நீ நகராத தாயி. நாங்களும் நின்னுடுறோம்."

"எதுக்குண்ணே, எல்லாருக்குமா வேலை போகணும்?"

"அட பைத்தியக்காரி, எல்லாரும் நின்னா அந்தச் சராசரியும் நின்னுடும்ல?"

காஞ்சி மாநகரெங்கும் அஞ்சல் ஊழியர் அனைவரும், தீபாராதனை கண்ட அடியார்போல், அவரவர் சென்றடைந்த வாயிலிலேயே அசையாது நின்றனர்.

"உங்கள் வேகம் இயல்பானது" என்றது பட்டை.

முதியவரை ஏற்றிக்கொண்டு வண்டி புறப்பட்ட பின்னரே, அந்நகரில் அடுத்த கதவு தட்டப்பட்டது.