துண்டுக்குள் பேரம்

“பாய், இங்க ஒருத்தன் என் கையைப் பிடிச்சுட்டான்!”

“கையை மட்டுந்தானா?” என்றார் போனில் சனாவுல்லா.

ஆனந்த்ராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. சென்னையில் சனாவுல்லாவின் பிரியாணிக் கடையில், ஏசி காற்றில் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருந்தவன் அவன். வழக்கமாக ஆடு பிடிக்க வருபவர் வண்டியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொள்ள, தலையெழுத்து இவனை அய்யலூர் சந்தைக்குத் தள்ளிவிட்டது. முப்பது ஆடு இல்லாமல் திரும்பினால் வேலை கிடையாது என்று சொல்லித்தான் முதலாளி ரயிலேற்றியிருந்தார். வந்த இடத்தில் ஆடு சிக்கவில்லை, இவன்தான் சிக்கிக்கொண்டான்.

“விளையாடாதீங்க பாய். டீக்கடை பெஞ்சுல உக்காந்திருந்தேன். பேரு பாண்டியராஜாம், பெரிய மீசை. வந்து ஒட்டி உக்காந்தான். தோள்ல கெடந்த துண்டை எடுத்து ரெண்டு பேர் கை மேலயும் போட்டான். உள்ள என் நாலு விரலையும் பிடிச்சு அமுக்குறான் பாய்!”

எதிர்முனையில் சிரிப்பு வெடித்தது. “அட கூறுகெட்டவனே! நான் திண்டுக்கல்காரன், எனக்குத் தெரியாதா? அது ஆட்டு வெலைடா. சந்தையில அடுத்தவனுக்குத் தெரியக் கூடாதுன்னு துண்டுக்குள்ளதான் பேரம் பேசுவாங்க. ஒரு விரலுக்கு ஆயிரம்.”

“கல்யாணம் ஆயிருச்சான்னு கேட்டான் பாய்!”

“வாய் ஊர்க்கதை பேசும், விரல் வெலை பேசும். சுத்தி நிக்கிறவனை ஏமாத்தணும்ல?”

“கண்ணடிச்சான்!”

“வெளிய சொல்லாதேங்கிறான்டா! நாலு விரல்னா நாலாயிரம். வெளியில ஆடு எட்டாயிரத்துக்குப் போகுது. நீ என்ன செஞ்ச?”

“கையை உதறிட்டு ஓடி வந்துட்டேன்.”

“அடப்பாவி! பாதி வெலைக்குக் குடுக்குறவனை விட்டுட்டு எனக்குப் போன் போடுறியா? ஓடு. போய் அவன் கையைப் பிடி. மூணு விரலுக்கு எறக்கு. ஆடு இல்லாம வந்தே, உன்னைத்தான் தம் போடுவேன்!”

ஆனந்த்ராஜ் தலைதெறிக்க ஓடினான். நல்லவேளை, பாண்டியராஜ் அதே பெஞ்சில்தான் இருந்தான். காலி பால் கேனைக் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு முகத்தைத் தொங்கப் போட்டிருந்தான்.

“அண்ணே, தப்பா நெனச்சுட்டேன். நான் ஊருக்குப் புதுசு, வழக்கம் தெரியல” என்று சொல்லிக்கொண்டே ஆனந்த்ராஜ் இடிக்காத குறையாக உட்கார்ந்தான். அவன் தோளிலிருந்து துண்டை உரிமையோடு உருவி மூடி, உள்ளே மூன்று விரலைக் கெட்டியாகப் பிடித்தான்.

பாண்டியராஜ் துள்ளி விழுந்தான். “ஆத்தீ, இம்புட்டு அவசரமா?”

அவன் நாலு விரலைப் பிடித்தான். இவன் விடவில்லை, மூன்றிலேயே நின்றான். மறுபடி நாலு, மறுபடி மூன்று. இழுபறியில் பெஞ்சே ஆடியது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஒரு தடவை பார்த்துவிட்டு, நமக்கெதுக்கு வம்பு என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைசியில் பாண்டியராஜ் இறங்கி வந்தான். மூன்று விரலையே இறுகப் பற்றிக்கொண்டான்.

“படிஞ்சுருச்சாண்ணே?”

“எனக்குப் பரிபூரண சம்மதங்க” என்றான் அவன், தலையைக் குனிந்துகொண்டு.

ஆனந்த்ராஜுக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் பயணத்திலேயே முதலாளி மெச்சும் பேரம்! துண்டை உதறி அவன் தோளில் போட்டுவிட்டு எழுந்தான்.

“சரி வாங்க, ஆடுங்க எங்க நிக்குது?”

பாண்டியராஜ் மலங்க மலங்க விழித்தான்.

“ஆடா? என்கிட்ட ஏதுங்க ஆடு? நான் இந்தக் கடைக்குப் பால் ஊத்த வந்தவன். நாலு பேரு பாக்குற எடமாச்சேன்னுதான் துண்டைப் போட்டேன்.”