தூதரகமும் ஒரு டம்ளர் ரசமும்

“தூதரக உறவு ‘வேண்டும்’ங்கற பக்கத்தை எனக்குத்தான் தரணும், துளசிங்கம்! இல்லன்னா நான் ரசம் குடிச்சே செத்துப் போயிடுவேன்!”

திருத்தணி மலையடிவாரத்துப் பூஜைச் சாமான் கடையில், காவடிக்கு மயிலிறகு கட்டிக்கொண்டிருந்த துளசிங்கம் நிமிர்ந்து பார்த்தான். ஆடிக் கிருத்திகைப் பட்டிமன்றத்துக்கு அவன்தான் அமைப்பாளர். எதிரே நின்றவர் தமிழாசிரியர் இளங்கோவன். இந்த வட்டாரத்தில் அவர் ஏறாத மேடை கிடையாது. கையில் நோட்டீஸ். ‘நெடுநாள் ஒதுக்கி வைத்த அண்டை நாட்டோடு மீண்டும் தூதரக உறவு: வேண்டுமா, வேண்டாமா?’

“இன்னா சார், வீட்டுல இன்னுமா சமாதானம் ஆவல?”

எங்கே ஆகும்? சித்திரையில் ஆர்.கே.பேட்டை மேடையில், கைத்தட்டலுக்கு ஆசைப்பட்டு மனுஷன் ஒரு வார்த்தை விட்டுவிட்டார். “எங்க வீட்டு ரசம் அவ்வளவு தெளிவுங்க. அதுல மூஞ்சி பார்த்துத்தான் நான் தினமும் ஷேவ் பண்றேன்!” பந்தலே குலுங்கிச் சிரித்தது. எதிரணியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி காமேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

“காலையில ஒரு டம்ளர் ரசம், பக்கத்துல ரேஸர். மத்தியானம் ரசம் சோறு, பக்கத்துல ரேஸர். அப்பளத்தைக் கண்ணால பாத்தே மாசக்கணக்காவுது துளசிங்கம்!”

“ஒரு மன்னிப்பு கேட்டுட்டுப் போவ வேண்டியதுதானே சார்?”

“கிட்ட போனா நாக்கு ஒட்டிக்குதுப்பா. மேடையிலயே பேசிப் பழகிட்டேன், மைக் இல்லாம எனக்கு அழுகைகூட வரமாட்டேங்குது. அதான், நாட்டைச் சொல்ற மாதிரி என் கதையைச் சொல்லிடலாம்னு பாக்கறேன்.”

“எதிர்ப்பக்கம் காமேஸ்வரி அக்காவாச்சே. அவங்க எந்தத் தலைப்புலயும் தோத்ததில்லையே சார்.”

“அதாம்பா பயம்! ‘வேண்டாம்’னு பேசி ஜெயிச்சிட்டா, அதையே தீர்ப்பா வச்சிகினு நகரியில இருக்கற அவ அக்கா வீட்டுக்கு பஸ் ஏறிடுவா. பையெல்லாம் கட்டி வச்சிருக்கா.” இளங்கோவன் நோட்டீஸை நாலாக மடித்தார். “அவ போயிட்டா எனக்கு யாருப்பா இருக்காங்க?”

“ஆங், உங்களுக்கே ‘வேண்டும்’ பக்கம். கவலைப்படாம போங்க சார்” என்றான் துளசிங்கம்.

அன்று சாயங்காலம் பந்தல் நிறைந்து வழிந்தது. நடுவர் சுப்புரத்தினம் மணியடித்ததும் காமேஸ்வரி எழுந்தாள்.

“நடுவர் அவர்களே! அந்த அண்டை நாடு என்ன செய்தது? நம் தேசிய பானத்தை, ஊர் பார்க்க, ஒலிபெருக்கி வைத்துக் கேவலப்படுத்தியது! அந்த நாட்டோடு உறவா? வெட்கமாயில்லை?”

“தேசிய பானமா? என்னம்மா அது?” என்று குழம்பினார் நடுவர்.

“மிளகு, சீரகம், பெருங்காயம் போட்டது!”

விசில் பறந்தது. இளங்கோவன் வேட்டியை இறுக்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

“ஒத்துக்கொள்கிறேன் நடுவர் அவர்களே! தப்பு அந்த நாட்டின் மேல்தான். அந்த நாட்டு அதிபர் ஒரு வடிகட்டின முட்டாள். கைத்தட்டலுக்காகச் சொந்த சோற்றில் மண் அள்ளிப் போட்டுக்கொண்டவன். ஆனால் அந்த நாட்டு மக்கள் என்ன பாவம் செய்தார்கள்?”

“எத்தனை மக்கள்?”

“ஒரே ஆள்தான் ஐயா! அந்த ஆளும் இளைத்துப் போய்விட்டான். எல்லையில் வேளாவேளைக்கு ஆயுதம் வைக்கிறார்கள். பார்த்தாலே கன்னம் எரிகிறது!”

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அதற்குள் இளங்கோவனின் குரல் உடைந்திருந்தது. “அந்தப் பானம் மாதிரி இந்த உலகத்தில் எங்கேயும் கிடையாது. அதை வைத்தவங்க மனசைப் புண்படுத்தினது பெரிய தப்பு. நான்... அந்த நாட்டின் சார்பாக... என்னை மன்னிச்சிடு காமு!”

“அம்மா, பாவம்மா, உட்ருங்க!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டம் கூச்சல்.

முடிவுரைக்குக் காமேஸ்வரியை அழைத்தார்கள். எதிரணியைக் கிழித்துத் தொங்கவிடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. இளங்கோவன் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அவள் எழுந்தாள். தண்ணீர் குடித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“எதிரணிக்குச் சொல்ல எங்களிடம் பதில் இல்லை” என்று உட்கார்ந்துவிட்டாள்.

“தூதரகத்தை உடனே திறக்க வேண்டும்!” என்று தீர்ப்புச் சொல்லி மூக்கை உறிஞ்சினார் சுப்புரத்தினம்.

மறுநாள் காலை. தட்டில் நெய் ஒழுகும் பொங்கல், வடை, ஓரமாக ஒரு டம்ளர் ரசம். ரேஸரைக் காணோம். கட்டி வைத்த பையையும் காணோம்.

“ஆறிடப் போவுது, சாப்பிடுங்க” என்றாள் காமேஸ்வரி.

இளங்கோவனுக்குத் தலைகால் புரியவில்லை. தோற்காதவளைத் தோற்கடித்துவிட்டோம், எல்லாம் நம் பேச்சுத் திறமை என்று மீசையை நீவிக்கொண்டே கைகழுவக் கொல்லைப்பக்கம் போனார்.

காமேஸ்வரி சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுப் போனை எடுத்தாள்.

“துளசிங்கம் தம்பி, ரொம்ப நன்றிப்பா. நான் எழுதிக் குடுத்த தலைப்பை அப்படியே வச்சி, அவருக்குன்னு சொன்ன பக்கத்தையும் அவருக்கே குடுத்துட்ட. மேடையில பேசினதுக்கு மேடையிலயே மன்னிப்பு கேட்டுட்டாரு... அடுத்த மாசம் ‘அண்டை நாட்டுத் திருமணத்தில் வாய் விடலாமா, கூடாதா’ன்னு ஒண்ணு போட்டுடு. எங்கக்கா பொண்ணு கல்யாணத்துல அவரு பேசினது ஒண்ணு இன்னும் பாக்கி இருக்குது!”