உள்ளே யாரும் இல்லை

தலைகளை எண்ணி முடித்தபோது ஒன்று குறைந்தது. என் மாப்பிள்ளையின் தலை.

மாப்பிள்ளை என்றால் தங்கையின் கணவர். அன்று பகல் எங்கள் கப்பலின் எஞ்சின் அறையில் வாட்ச் அவருடையது. எண்ணெய்க் குழாய்களைச் சுற்றி வந்து, எங்காவது கசிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதுதான் அந்த வேலை.

குழாய் ஒன்று விரிசல் விட்டு, எண்ணெய் பீய்ச்சி, கொதிக்கிற புகைக்குழாயில் பட்டுப் பற்றிக்கொண்டது. புகை மேல்தளத்துக்கு வந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

எண்ணெயை நிறுத்தினோம். காற்று வழிகளை மூடினோம். பாக்கி இருந்தது ஒரு கைப்பிடி.

அதை இழுத்தால் கரியமில வாயு உள்ளே நிரம்பும். நெருப்பு சாகும். உள்ளே ஆள் இருந்தால் ஆளும் சாவான்.

அதனால்தான் முதலில் தலை எண்ணுவது. ஒன்று குறைந்தாலும் பிடியைத் தொடக் கூடாது.

முகமூடி கொடுங்கள், இறங்கித் தேடுகிறேன் என்றேன். கேப்டன் யோசித்தார். இரும்புக் கதவில் பெயிண்ட் கொப்பளிக்க ஆரம்பித்திருந்தது.

சீஃப் எஞ்சினியர் என் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார்.

"உள்ள யாரும் இல்ல, தம்பி. எனக்குத் தெரியும்."

குரலில் பிசிறே இல்லை. எப்படித் தெரியும் என்று கேப்டன் கேட்டதற்கு, பொறுப்பு என்னுடையது என்று மட்டும் சொன்னார். கேப்டனே தலையாட்டிவிட்டார்.

இழுத்தார்.

வாயு சீறிய சத்தத்தில் எனக்குத் தங்கையின் முகம்தான் தெரிந்தது.

நெருப்பு அடங்கியது. கப்பல் பிழைத்தது. ஆளாளுக்கு சீஃபின் கையைக் குலுக்கினார்கள். மனுஷனுக்கு எக்ஸ்ரே கண்ணு என்றார் சமையல்காரர்.

நான் மட்டும் ஒவ்வொரு அறையாகத் தட்டிக்கொண்டே ஓடினேன்.

சீஃபின் அறைக் கதவு லேசாகத் திறந்தது. மாப்பிள்ளை. முழுசாக, உயிரோடு. கட்டிப்பிடித்துக்கொண்டு, சைரன் காதில் விழவில்லையா என்று அழுகையோடு திட்டினேன்.

"மெதுவா பேசுங்க மச்சான். நாளைக்கு முதலாளி கப்பலுக்கு வர்றாராம். சீஃப்தான் வாட்ச்லேர்ந்து கூட்டிட்டு வந்து, யார் கண்ணுலயும் படாம முடிச்சுடுன்னாரு."

அவருக்குப் பின்னால் மேசையில் சீஃபின் வெள்ளைச் சீருடை விரிந்து கிடந்தது. ஒரு கை இஸ்திரி போட்டு விறைப்பாக இருந்தது. மறு கையைத் தேய்ப்பதற்குள் கரண்ட் போய்விட்டது.