அவன் எடைக்கு மணல்

ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. அதன் அடியில் நுழைந்து வரும் பிற்பகல் வெயில், ஒர்க்‌ஷாப் மேஜையில் கிடக்கும் இரண்டு செட் காயிலோவர்கள்மேல் விழுகிறது. சுருள் ஸ்பிரிங்குக்கு நடுவே ஷாக் அப்சார்பர் செருகியவை. மஞ்சள், ரேஸ் ஓட்டுபவர்களுக்கு, கெட்டியாக இருக்கும். நீலம், ரோட்டுக்கு, மெத்தென்று இருக்கும். பக்கத்திலேயே தம்பியின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். "பொண்ணு பாக்கப் போறவன்கூட இவ்வளவு யோசிக்க மாட்டான்க்கா. மஞ்சளா நீலமான்னு உங்க தம்பி கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல" என்று சிரிக்கத் தொடங்கிய மெக்கானிக், அவன் செத்துப்போனது உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொள்கிறான். அக்கா ஸ்பிரிங்கை விரலால் வருடிக்கொண்டே இருக்கிறாள்.

"ஆள் உட்கார்ந்தா வண்டி எவ்வளவு இறங்குதுன்னு பாக்கணும். நீங்க ஏறி உட்காருங்கக்கா."

"என் எடை பத்தாது. அவன் எழுபத்தெட்டு கிலோ."

மெக்கானிக் எதிர்க்கேள்வி கேட்காமல் மணல் மூட்டைகளை எடை போட்டு ஓட்டுநர் சீட்டில் அடுக்குகிறான். லேசாக முனகிக்கொண்டு வண்டி அந்தப் பக்கம் தாழ்கிறது, தம்பி ஏறும்போது தாழ்கிற அதே அளவுக்கு. உள்ளே கண்ணாடி இன்னும் அவன் கண்ணுக்கு ஏற்றபடியே திரும்பியிருக்கிறது. அக்கா குனிந்து, சீட் பெல்ட்டை இழுத்து, மூட்டைகளுக்குக் குறுக்கே மாட்டுகிறாள்.

"எதைக்கா போடட்டும்?"

அவள் ஜன்னலுக்குள் பார்த்து மெதுவாகக் கேட்கிறாள். "எதுடா?"

ஸ்பேனரைப் பிடித்தபடி மெக்கானிக்கும் பதிலுக்குக் காத்திருக்கிறான்.