முன்னால் போகும் வண்டியின் எழுத்துகள்

செடெனாக் ஊரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. நெடுஞ்சாலையின் இரு பக்கமும் செம்பனை மரங்கள் வெள்ளைப் புகைக்குள் முங்கிப்போயின.

சுகுமாறன் கனவில் ஓட்டுகிறவன் போலத்தான் காரை ஓட்டிக்கொண்டிருந்தான். ராத்திரி கண் மூடவில்லை. பக்கத்தில் அவன் மனைவி ஷாமளா. அவளும் தூங்கியிருக்க மாட்டாள்.

ஜோகூர் பாரு நீதிமன்றத்தில் இன்று காலை அவர்களுடைய விவாகரத்து வழக்கு. இருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட மனு. சிம்பாங் ரெங்கத்தில் ஒரே வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள், பிரியப்போவதற்கு இரண்டு கார் எதற்கு என்று ஒரே காரில் ஏறிவிட்டார்கள்.

மழைக்குள்ளிருந்து ஒரு லாரி முளைத்தது. நம்பர் பிளேட்டில் ஜே, கே, டி.

“ஜாக்கெட்” என்றாள் ஷாமளா.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது போலிருந்தது. சட்டென்று கண்களை மூடிச் சாய்ந்துகொண்டாள்.

கல்யாணமான புதிதிலிருந்து காரில் ஏறினால் அவர்களுக்கு இந்த விளையாட்டுதான். முன்னால் போகும் வண்டியின் மூன்று எழுத்தும் அதே வரிசையில் வருகிற இங்கிலீஷ் வார்த்தை ஒன்று சொல்ல வேண்டும். இடையில் வேறு எழுத்து எது வந்தாலும் சரி. ஜோகூர் மாநில வண்டி என்றால் முதல் எழுத்து ஜே, அதனாலேயே கஷ்டம். முந்திச் சொன்னவருக்கு வெற்றி.

ஜெயிப்பது எப்போதும் சுகுமாறன். அவன் ஏர்கோன் கம்பெனி சூப்பர்வைசர். அவள் தமிழ்ப்பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். கல்யாண வீடோ கோயில் திருவிழாவோ, நாலு பேர் கூடிவிட்டால் போதும், “டீச்சரம்மா என்கிட்ட ஒரு தடவகூட ஜெயிச்சதில்ல லா” என்று மார் தட்டுவான். அவள் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பாள். அது ஏன் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் ஐயாவுக்கு எப்போதோ விளங்கியிருக்கும். ஜெயிக்கிறவனுக்கு யோசிக்க நேரம் ஏது?

வீட்டிலும் அதே கதைதான். எந்தப் பேச்சை எடுத்தாலும் அவன் சொன்னதுதான் சரி என்று முடிய வேண்டும். அவன் பேசப் பேச அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒரு நாள், பிரிந்துவிடலாம் என்று மட்டும் சொன்னாள்.

ஒரு வேன் அவர்களை முந்திக்கொண்டு தண்ணீரில் மிதப்பது போலப் போனது. ஜே, வி, எல்.

அவன் வாயைத் திறப்பதற்குள், “ஜாவெலின்” என்றாள். கண் பாதிதான் திறந்திருந்தது. தூக்கத்தில் உளறுகிறவளைப் போலிருந்தது குரல்.

அடுத்த கார். ஜே, எஸ், எம்.

“ஜாஸ்மின்.”

அடுத்தது ஜே, எக்ஸ், பி. இதற்கு வார்த்தையே கிடையாது என்று அவன் தீர்மானித்து முடிக்கவில்லை. “ஜக்ஸ்டபோஸ்” என்று அவள் உதடுகள் முணுமுணுத்தன. அப்படி ஒரு வார்த்தை உண்டென்பதே அவனுக்கு இப்போதுதான் தெரியும்.

வைப்பர் போய்வந்துகொண்டிருந்தது. வண்டிகள் ஒவ்வொன்றாக மழையிலிருந்து வந்து மழைக்குள் மறைந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தை அவளிடம் இருந்தது.

அவனுக்கு விளங்கிவிட்டது. இத்தனை வருஷமும் அவள் வேண்டுமென்றே தோற்றிருக்கிறாள். அவன் முகத்தில் வரும் அந்தச் சின்னப்பிள்ளைச் சந்தோஷத்துக்காகத் தோற்றிருக்கிறாள். இன்று அந்த அக்கறை தேவையில்லை என்று விட்டுவிட்டாள்.

வெட்கமாக இருந்தது. வெட்கத்தை விடப் பயம்தான் பெரிதாக இருந்தது. இவள் நாளை பக்கத்தில் இருக்க மாட்டாள் என்பது அப்போதுதான் நெஞ்சில் இறங்கியது. வேண்டாம் ஷாமளா, வீட்டுக்குத் திரும்பிடலாம் என்று சொல்லத் துடித்தான். சொன்னால், இதிலும் தான் நினைத்ததே நடக்க வேண்டும் என்கிறான் பார் என்றுதான் அவளுக்குத் தோன்றும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான்.

ஸ்கூடாய் தாண்டியதும் மழை விட்டது. ஊர் கழுவிவைத்தது போல் கிடந்தது. நீதிமன்றத்துக்குத் திரும்பும் சந்தியில் சிவப்பு விளக்கு. அவர்களுக்கு முன்னால் ஒரு வெள்ளை வேன் நின்றது.

ஷாமளா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த வேனையே பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். எவ்வளவு நேரமாக அவன் கண் கலங்கியிருந்ததோ, அவள் அப்போதுதான் கவனித்தாள்.

மறுபடி வேன் பக்கம் திரும்பினாள்.

“எனக்குத் தெரியலங்க. நீங்களே சொல்லுங்க.”

அவனுக்கு விடை நாக்கு நுனியில் நின்றது. எச்சிலோடு சேர்த்து அதை விழுங்கினான்.

“எனக்கும் தெரியல” என்றான்.

அவள் அவனை விசித்திரமாகப் பார்த்தாள். அவன் வாயிலிருந்து அப்படி ஒன்றை அவள் கேட்டதே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு உதடு நடுங்கியது. அழப்போகிறாள் என்று நினைத்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தாள்.

வேனின் நம்பர் பிளேட் கண்ணுக்கு நேராக, மழை கழுவிவிட்டுப் பளிச்சென்று இருந்தது. ஜே, யூ, ஜி.

அவளுடைய பள்ளியின் ஒன்றாம் ஆண்டுச் சின்னப் பிள்ளைகளாக இருந்தால், வகுப்பே எழுந்து நின்று ‘ஜக்’ என்று கத்தியிருக்கும்.