டிஸ்சார்ஜ்

"டிஸ்சார்ஜ்னா என்னாங்க டீச்சர்?"

பதுளை பஸ் நிலையத்தில் லுணுகலை பஸ்ஸுக்காகக் காத்திருந்த சரோஜினி நிமிர்ந்து பார்த்தாள். எதிரில் நின்றவள் தேயிலைத் தோட்டத்துப் பெண். பெயர் பெரியாயி என்றும், மகன் ரஜீவின் வழக்குக்காக வந்துவிட்டுத் திரும்புவதாகவும் சொன்னாள். சரோஜினி தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிப்பவள் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. கையில் அடையாள அட்டை இல்லாததால் ரஜீவை பஸ்ஸிலிருந்து இறக்கி, புலி என்று சந்தேகித்து வழக்குப் போட்டிருந்தார்கள். சிங்களத்தில் பேசிக்கொண்டே போன நீதவான், முடிவில் இந்த ஒரு சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னாராம். விளக்கம் கேட்பதற்குள் வழக்கறிஞர் அடுத்த வழக்குக்கு ஓடிவிட்டாராம்.

"ஆஸ்பத்திரியில டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புவாங்களே, அந்த டிஸ்சார்ஜுங்களா?"

"அதே சொல்தான் அம்மா. விட்டிட்டினம் எண்டு அர்த்தம்."

பெரியாயிக்கு அது போதவில்லை. சரோஜினியும் சொல் என்று வந்துவிட்டால் விடமாட்டாள். வேலையிலிருந்து நிற்பாட்டினாலும், துவக்கு வெடித்தாலும், கப்பலில் சாமான் இறக்கினாலும் அந்தச் சொல்தான் என்று விளக்கினாள். ஆதியில் அதற்கு வண்டியிலிருந்து பாரத்தை இறக்குவது என்றுதான் பொருள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடையை இறக்கி வைப்பதில்லையா, அதைப் போல என்றாள்.

பெரியாயி அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"குத்தம் செஞ்சவனுக்கும் அந்தச் சொல்லச் சொல்வாங்களா?"

"குற்றம் செய்தவனை ஏன் விடப்போகினம்? உங்கட மகனுக்கு எதிராச் சாட்சி ஒண்டும் இல்லை எண்டுதான் விட்டிருப்பினம்."

"அப்ப அவன் புலி இல்லைன்னு கோர்ட்டே சொல்லிருச்சுன்னு சொல்லலாமுங்களா?"

சொல்லலாம் என்றாள் சரோஜினி. இவ்வளவு நல்ல செய்தியைக் கேட்டும் பெரியாயியின் முகத்தில் சிரிப்பு வராதது அவளுக்கு விளங்கவில்லை. பஸ் வேறு வந்துகொண்டிருந்தது.

"இங்க ஏன் நிக்கிறியள்? கெதியாப் போய் மகனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. இருட்டினால் வழியில திரும்பவும் மறிப்பினம்."

பெரியாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பெயில்ல வந்தவன் மாசியிலயே காய்ச்சல்ல செத்துட்டாங்க. புலியோட தங்கச்சின்னு எம் மகளப் பொண்ணு கேட்டு ஒருத்தரும் வர்றதில்ல. லயத்துல போயி நாலு பேருகிட்டச் சொல்லணும், அதுக்குத்தான் கேட்டேன்."

ஆள் இறந்துபோனதால் வழக்கை மூடும்போதும் நீதவான் அதே சொல்லைச் சொல்லியிருக்கலாம் என்பது சரோஜினிக்கு அப்போதுதான் உறைத்தது.

"தாராளமாச் சொல்லுங்கோ அம்மா," என்றாள்.