தூங்குமூஞ்சி டீச்சர்

"டீச்சர் இன்னைக்கும் க்ளாஸ்ல தூங்கிட்டாங்கம்மா!"

புகாரும் கையுமாகச் சமையலறைக்குள் நுழைந்தாள் மூத்தவள். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வீட்டில் அவளுக்கு 'வக்கீல்' என்று பெயர். பின்னாலேயே வந்த தம்பி 'வாலு', தலையைத் தொங்கப்போட்டு வாயைப் பிளந்து குறட்டை விட்டுக் காட்டினான்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவுக்குச் சுருக்கென்றது. "டேய், பெரியவங்களைக் கிண்டல் பண்ணாதே. கண்ணை மூடி எதையாவது யோசிச்சிருப்பாங்க."

"யோசிச்சா எச்சில் வடியுமா?" என்றாள் வக்கீல்.

அந்த நேரம் பார்த்து, காலை ஷிஃப்ட் முடிந்து அப்பா வந்து சேர்ந்தார். பஸ் ஓட்டுநர். சீருடையைக் கழற்றக்கூட விடாமல் வக்கீல் அவரை இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"அப்பா, ஒரு கேஸ் இருக்கு. நீங்கதான் ஜட்ஜ்."

"யார் மேல?"

"எங்க டீச்சர் மேல!"

அப்பா ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தார். அம்மா வெங்காயத்தைப் பார்த்தாள்.

"ம்... குற்றச்சாட்டைச் சொல்லு."

"நேத்து, இருட்டுல நடமாடற மிருகங்கள்னு பாடம். ஜன்னலைச் சாத்தினாங்க, திரையைப் போட்டாங்க, லைட்டை அணைச்சாங்க. அவ்வளவுதான். வௌவால் எப்படித் தூங்கும்னு மட்டும் செஞ்சு காட்டினாங்க."

"தலைகீழாவா?"

"இல்லப்பா, படுத்துக்கிட்டு."

அப்பாவுக்குக் குடித்த தண்ணீர் புரையேறியது.

"அதுக்கு முன்னாடி சிலை விளையாட்டு!" என்று குதித்தான் வாலு. "யாரு ரொம்ப நேரம் ஆடாம அசையாம இருக்காங்களோ, அவங்கதான் வின்னர். டீச்சர்தான்ப்பா ஃபர்ஸ்ட்! எறும்பு ஊர்ந்துச்சு, அப்பக்கூட அசையல."

"இன்னைக்கு என்ன ஆச்சு?"

வக்கீல் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "டிக்டேஷன். பாதியிலேயே டீச்சருக்குக் கண்ணு சொக்கிடுச்சு. வாய் மட்டும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. 'ராஜா குதிரை மேல் ஏறினார். எதிரிகளை ஓட ஓட விரட்டினார். பால் பொங்குது, அடுப்பை அணை.'"

"நீ என்ன எழுதினே?"

"அதையேதான் எழுதினேன். எந்திரிச்சு வந்து தப்புன்னு சுழிச்சுட்டாங்க! இது எந்த ஊர் நியாயம்?"

அப்பா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கத்தியும் கையுமாக அடுப்படியிலிருந்தே வாதாட வந்துவிட்டாள்.

"பாவம்ங்க அவங்க. துணி, பாத்திரம், சமையல்னு எல்லாத்தையும் முடிச்சுட்டுத்தானே பாடம் எடுக்க வந்து உட்கார்றாங்க? உடம்பு என்ன இரும்பா?"

"அதுக்காக? நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கினா பயணிங்க சும்மா விடுவாங்களா?"

"உங்க பயணிங்க டிக்கெட் வாங்கினோமா உட்கார்ந்தோமான்னு இருப்பாங்க. நிலா ஏன் நம்ம கூடவே வருது, நண்டுக்கு முட்டி எங்கே இருக்குன்னு மூச்சு விடாமக் கேட்டாத் தெரியும்!"

"எங்கேதான் இருக்கு?" என்றான் வாலு ஆவலாக.

அப்பா குரலைக் கனமாக்கிக்கொண்டார். "சரி, இந்த டீச்சர் சரிப்பட மாட்டாங்க. வேலையை விட்டே தூக்கிடலாம்."

அம்மாவின் கை அப்படியே நின்றது. களைப்பில் எத்தனையோ முறை, போதும் சாமி என்று அந்த டீச்சர் புலம்பியதை அவள் அறிவாள். ஆனாலும் இப்படி ஒரே வார்த்தையில் தூக்கிவிடுவதா?

"ஒரு சான்ஸ் கொடுங்க. புத்தகத்தைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சவன் இவன். இப்போ எழுத்துக் கூட்டிக் கடைப் பலகையெல்லாம் படிக்கிறான். அவங்களை மாதிரி வேற யாரு சொல்லித் தருவா? அதுவும் அந்தச் சம்பளத்துக்கு!"

பிள்ளைகள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வக்கீலே கட்சி மாறிவிட்டாள். "வேலையை விட்டு எல்லாம் தூக்க வேண்டாம்ப்பா. எங்களுக்கு அந்த டீச்சர்தான் வேணும். ஆனா முழிச்சுக்கிட்டு இருக்கிற டீச்சரா வேணும்."

அப்பா எழுந்து நின்று, சீருடைச் சட்டையின் காலரை நிமிர்த்திவிட்டுக்கொண்டார்.

"இதோ தீர்ப்பு. டீச்சருக்கு நாளைக்கு ஒரு நாள் சஸ்பென்ஷன். எனக்கு வார ஓய்வுதான், க்ளாஸை நானே எடுக்கறேன். நாளைக்குப் பூரா அந்தம்மா பாடப் புத்தகம் இருக்கிற திசையில தலைவெச்சுக்கூடப் படுக்கக் கூடாது!"

"ஹே!" என்று இரண்டும் கூரை அதிரக் கத்தின.

அம்மா கத்தியை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. வெங்காயமா, அழுகையா, சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

வாலு ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டான்.

"அழாதேம்மா... டீச்சரா இருந்தாத்தானே தூங்கக் கூடாது? நாளைக்கு நீ வெறும் அம்மாதானே, நல்லாத் தூங்கு!"